அடுத்த கேள்வி

மன உளைச்சலை ஆராய்பவர்களுக்கு ஒரு பெரிய இடைஞ்சல் உண்டு. அது நாள் குறித்துவிட்டு வருவதில்லை. வேலை பறிபோன பிறகு, வீட்டில் ஒரு சாவு விழுந்த பிறகு, ஊரில் வெள்ளம் வடிந்த பிறகுதான் ஆய்வாளர் அங்கே போய் நிற்க முடியும். அதற்கு முன் அந்த மனிதர் எப்படி இருந்தார் என்பதை அவருடைய நினைவிலிருந்துதான் கேட்டு வாங்க வேண்டும். துயரத்தில் இருப்பவரின் நினைவோ பழைய நாட்களின் நிறத்தையும் சேர்த்தே மாற்றிவிடும்.

ஸ்ரீஜன் சென் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இதற்கு ஒரு வழி கண்டார். கடும் உளைச்சல் எந்த மாதம், எந்தக் கட்டடத்தில், யாருக்கு வரும் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடக்கூடிய ஒரு தொழில் அவர் கண்ணெதிரே இருந்தது. அது அவருடைய சொந்தத் தொழில். அமெரிக்காவில் மருத்துவப் படிப்பை முடித்தவர்கள் ஆண்டுதோறும் ஜூலை வாக்கில் பயிற்சி மருத்துவர்களாக மருத்துவமனைகளுக்குள் நுழைகிறார்கள். அன்றிலிருந்து தூக்கம் குறைகிறது, வேலை நேரம் நீள்கிறது, உயிர் பிரிவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. சென்னும் அவருடைய குழுவினரும் 13 மருத்துவமனைகளில் சேரவிருந்த 740 பேரிடம் பணி தொடங்கும் முன்பே ஒரு வினாத்தாளை நிரப்பி வாங்கினார்கள். பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதே வினாத்தாள். 2010-இல் முடிவு வெளியானது. பணிக்கு முன் மனச்சோர்வின் அளவுகோலைத் தொட்டிருந்தவர்கள் 3.9 சதவீதம். பயிற்சி ஆண்டில் அது சராசரியாக 25.7 சதவீதம்.

உலகெங்கும் புழக்கத்தில் உள்ள பி.எச்.க்யூ-9 தான் அந்த வினாத்தாள். கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா, தூக்கம் கெட்டதா, பசி மாறியதா, நம்மால் எதற்கும் பயனில்லை என்று தோன்றியதா என்று ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 27. பத்தைத் தொட்டால் மருத்துவர் ஒருவர் எதிரே உட்கார்ந்து பொறுமையாக விசாரிக்க வேண்டிய நிலை. ஒன்பதாவது கேள்வி, செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்ததா என்பது.

அந்தச் சதவீதங்களைவிட என்னை அதிகம் உலுக்குவது வேறொன்று. அந்த 740 பேரும் இந்த அறிகுறிகளைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவர்கள். நடு இரவில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை தவறாமல் ஒப்பிக்கக்கூடியவர்கள். அந்தப் படிப்பு அவர்களுக்கு எந்த அளவுக்குக் கைகொடுத்தது?

2016-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, 43 நாடுகளின் மருத்துவ மாணவர்களைப் பற்றிய ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருந்தவர்கள் 27.2 சதவீதம். பெரும்பாலும் இவை வினாத்தாள் கணக்குகள்தாம். மருத்துவர் நேரில் விசாரித்து உறுதிசெய்யும் நோய் இதைவிடக் குறைவாகவே இருக்கும். இதைக் கழித்துக்கொண்ட பிறகும் இன்னொரு கணக்கு அசையாமல் நிற்கிறது. சோர்வு இருப்பதாகத் தெரியவந்தவர்களில் சிகிச்சையை நாடியவர்கள் 15.7 சதவீதம் மட்டுமே. சிகிச்சைக்கு இவர்களைவிட அருகில் இருப்பவர்கள் யார்? விடுதியிலிருந்து நடந்துபோகும் தொலைவில் மனநலப் பிரிவு இருக்கிறது. மருந்தின் பெயர் தெரியும், அளவு தெரியும், பக்கவிளைவும் தெரியும். அப்படியிருந்தும் ஆறு பேரில் ஐந்து பேர் அந்த வாசற்படியை மிதிக்கவில்லை.

மருத்துவம், செவிலியம், மருந்தாளுமை, இயன்முறைச் சிகிச்சை என்று உடல்நலத் தொழிலுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மனநோய் பற்றி என்ன தெரியும் என்று கேட்டால், நிறையவே தெரியும் என்பதுதான் பதில். அந்த அறிவு வார்டில், விடுதி அறையில், தன் நெஞ்சுக்குள் ஏன் வேலைசெய்ய மறுக்கிறது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

மனநல எழுத்தறிவு என்ற கருத்தை 1997-இல் முன்வைத்தவர் ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஆந்தனி ஜோர்ம். மனநோயை அடையாளம் காணவும் சமாளிக்கவும் தடுக்கவும் உதவுகிற அறிவும் நம்பிக்கையும் என்பது அவர் தந்த விளக்கம். உதவுகிற என்ற சொல்லில்தான் எடை முழுவதும் இருக்கிறது. உதவாத அறிவு அவர் கணக்கில் சேராது. அவருடைய குழு 2,031 ஆஸ்திரேலியர்களிடம் ஒரு சிறு கதையைச் சொன்னது. கதையில் வருபவருக்குச் சில வாரங்களாகத் தூக்கமில்லை, களைப்பு, சாப்பாட்டில் விருப்பமில்லை, வேலையில் மனம் ஒட்டவில்லை. நோயின் பெயரைச் சொல்லாமல், இவருக்கு என்ன ஆகியிருக்கிறது என்று கேட்டார்கள். மனச்சோர்வு என்று சரியாகச் சொன்னவர்கள் 39 சதவீதம். மனச்சிதைவு நோயாளியின் கதையைக் கேட்டவர்களில் 27 சதவீதம் பேர் சரியாகச் சொன்னார்கள். மனநல மருந்துகள் நன்மையைவிடத் தீமையே செய்யும் என்று நினைத்தவர்கள் ஏராளம். வைட்டமின் மாத்திரை உதவும் என்று நம்பியவர்களும் அப்படியே.

இந்தக் கதைக் கேள்வியை நம் மருத்துவ மாணவர்களிடம் கொடுத்தால் பெரும்பாலானவர்கள் சரியாகவே சொல்வார்கள் என்று நினைக்கிறேன். கதையாக எழுதித் தரும்போதே பாதி வேலையை நாம் செய்துமுடித்துவிடுகிறோம். எந்த அறிகுறிகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்து ஒரே பத்தியில் வைத்துவிடுகிறோம். பாடப்புத்தகம் இன்னும் ஒரு படி எளிது. அங்கே முதலில் நோயின் பெயர் தலைப்பாக இருக்கும்; கீழே அறிகுறிகள் வரிசையாக வரும்.

புறநோயாளிப் பிரிவில் நிலைமை தலைகீழ். நாற்பது வயதுப் பெண் ஒருவர் ஓ.பி. சீட்டோடு வந்து உட்காருகிறார். "கை காலெல்லாம் அசதியா இருக்கு டாக்டரம்மா. தலை ஒரு பக்கமா பாரமா இருக்கு. சாப்பிட்டா நெஞ்சுலயே நிக்குது." மனம் என்ற பேச்சே இல்லை. இரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., இரண்டும் சரியாக இருக்கின்றன. சத்து மாத்திரை, வயிற்றுக்கு ஒரு மாத்திரை, வலிக்கு ஒன்று. அடுத்த மாதம் மறுபடி வருவார். இந்த முறை முதுகுவலி. நான்காவது முறை வரும்போது, பக்கத்தில் நிற்கும் பயிற்சி மருத்துவரான ஹவுஸ் சர்ஜனிடம் மூத்தவர் தாழ்ந்த குரலில் "ஃபங்ஷனல்" என்பார். உறுப்பில் கோளாறு இல்லை என்பது அந்தச் சொல்லின் பொருள். இதில் மேற்கொண்டு செய்ய ஒன்றுமில்லை என்றுதான் அது அந்த மாணவரின் காதில் விழுகிறது. அவர் அன்று கற்றுக்கொண்ட பாடம் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. எல்லாப் பாடங்களையும்விட ஆழமாகப் பதிவதும் அதுதான்.

1999-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வு, 14 நாடுகளின் பொதுச் சிகிச்சை மையங்களில் மனச்சோர்வு இருந்த 1,146 பேரைப் பார்த்தது. அவர்களில் 69 சதவீதம் பேர் மருத்துவரிடம் வந்ததற்குச் சொன்ன காரணம் உடல் தொந்தரவுகள் மட்டுமே. இது நம் ஊர்க்காரர்களின் கூச்சத்தால் வருவது என்று ஒதுக்கிவிட முடியாது. உலகமெங்கும் மனச்சோர்வு முதலில் உடம்பின் வழியாகத்தான் பேசுகிறது. தூக்கத்தையும் வலியையும் பசியையும் மனநிலையையும் ஆளும் மூளைப் பாதைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும்போது அது இயல்பும்கூட. நோயின் பெயரிலிருந்து அறிகுறிக்குப் போகக் கற்றுத்தந்துவிட்டு, முறையீட்டிலிருந்து சந்தேகத்துக்குப் போக மாணவர் தானாகவே கற்றுக்கொள்வார் என்று விட்டுவிடுகிறோம்.

இந்தத் தவறு எதிர்த்திசையிலும் நடக்கும். மனச்சிதைவுக்கு மருந்து எடுப்பவர் நெஞ்சு வலிக்கிறது என்று வந்தால், சீட்டில் இருக்கும் பழைய நோயின் பெயர் எல்லாவற்றையும் மறைத்துவிடும். அவர் எப்போதும் அப்படித்தான் சொல்வார் என்று மனநலப் பிரிவுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கடும் மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த இறப்புகளில் பெரும்பகுதிக்குக் காரணம் இதயநோய் போன்ற உடல்நோய்கள். பி.பி. பார்க்காமல் விட்டது, சர்க்கரை பார்க்காமல் விட்டது, புகைப்பதை நிறுத்த யாரும் உதவாதது என்று சிறுசிறு அலட்சியங்கள் சேர்ந்து ஒரு மனிதரின் ஆயுளில் பதினைந்து ஆண்டுகளைத் தின்றுவிடுகின்றன. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. தடுத்திருக்கக்கூடிய சாவுகள் இவை.

படிப்பு நீள நீள இந்த அலட்சியம் குறையும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். எப்போதும் அப்படி நடப்பதில்லை என்பதற்கு ஒரு கணிதக் காரணம் இருக்கிறது.

சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள மனநல மருத்துவமனையின் வரலாறு 1794-இல் தொடங்குகிறது. இப்போதுள்ள வளாகத்துக்கு அது 1871-இல் வந்தது. ஊர்ப் பெயரையே ஏச்சாக மாற்றும் அளவுக்கு அந்த மதில்களைப் பற்றிய பயம் தமிழர் பேச்சில் ஊறியிருக்கிறது. மருத்துவ மாணவர்களும் செவிலிய மாணவிகளும் அங்கே போஸ்டிங்குக்குப் போகிறார்கள். பயத்தோடு உள்ளே போகிறவர்கள் வார்டுகளில் யாரைப் பார்க்கிறார்கள்?

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓராண்டில் 100 பேருக்கு ஒரு நோய் வருகிறது. 90 பேர் ஒரே மாதத்தில் தேறிவிடுகிறார்கள். 10 பேர் ஆண்டு முழுவதும் நோயிலேயே இருக்கிறார்கள். ஏதாவது ஒரு நாளில் நீங்கள் வார்டுக்குள் போனால், விரைவில் தேறும் வகையினர் சராசரியாக ஏழெட்டுப் பேர்தான் அங்கே இருப்பார்கள். 90 பேரின் ஒரு மாதம் 12 மாதங்களில் பரவிக் கிடக்கிறதல்லவா? நீண்டகால நோயாளிகள் 10 பேரும் அன்றும் இருப்பார்கள், அடுத்த மாதமும் இருப்பார்கள். பத்தில் ஒன்பது பேர் குணமாகும் நோய், வார்டில் நின்று பார்ப்பவர் கண்ணுக்குப் பாதிக்கு மேல் தீராத நோயாகத் தெரியும். கண்ணில் கோளாறு இல்லை. பார்க்கும் இடமே அப்படி. பட்ரீசியா கோஹன், ஜேக்கப் கோஹன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1984-இல் இதற்கு மருத்துவரின் மாயத்தோற்றம் என்ற பொருளில் பெயர் வைத்தார்கள்.

குணமாகி வேலைக்குப் போகிறவர், கல்யாணம் செய்துகொண்டு பிள்ளை வளர்ப்பவர், மாதம் ஒரு முறை மாத்திரை வாங்கிக்கொண்டு யாருக்கும் தெரியாமல் கூட்டத்தில் கலந்துவிடுகிறவர், இவர்களில் ஒருவரையும் மாணவர் சந்திப்பதில்லை. சென்னையில் மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். தாராவின் குழு, முதன்முதலாக மனச்சிதைவுக்கு ஆளான 90 பேரை இருபது ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்தது. பலருக்கு நோய் வந்தது, தணிந்தது, சிலருக்கு மீண்டும் வந்தது. இடைவிடாமல் நோயிலேயே கிடந்தவர்கள் சிறு பகுதியினர்தான். உலகம் மேற்கோள் காட்டும் இந்த ஆய்வு நம் சென்னையில் நடந்தது. அதே நகரத்தில் இரண்டு வாரப் போஸ்டிங் முடித்துத் திரும்பும் மாணவர், மனச்சிதைவு வந்தால் வாழ்க்கை அவ்வளவுதான் என்ற நம்பிக்கையோடு பட்டம் வாங்கிவிடலாம். தேர்வில் அதற்காக அவருக்கு ஒரு மதிப்பெண்ணும் குறையாது.

அப்படியானால் இன்னும் நன்றாகப் பாடம் நடத்தினால் போதுமா? மனநோயும் சர்க்கரை நோய்போல ஒரு நோய்தான், மூளையில் ஏற்படும் வேதி மாற்றம்தான் என்று விளக்கிவிட்டால் வெறுப்பு மறையும் என்று பல நாடுகள் நம்பிப் பெரும் பிரசாரம் செய்தன. அமெரிக்காவில் 1996-லும் 2006-லும் ஒரே மாதிரியான கேள்விகளோடு எடுக்கப்பட்ட கணக்கெடுப்புகள் அதைச் சோதிக்க வழிசெய்தன. மூளைதான் காரணம் என்று ஏற்றவர்கள் பத்தாண்டுகளில் அதிகரித்திருந்தார்கள். சிகிச்சை தேவை என்று சொன்னவர்களும் கூடியிருந்தார்கள். இப்படிப்பட்டவர் பக்கத்து வீட்டில் இருக்கலாமா, உடன் வேலை செய்யலாமா, உறவாக வரலாமா என்ற கேள்விகளில் மட்டும் ஒதுக்கும் மனம் குறையவில்லை. மூளையே இப்படி என்றால் இவர் மாறவே மாட்டார் என்ற முடிவுக்கும் அந்த விளக்கம் சிலரைக் கொண்டுபோகிறது.

மாற்றுவது எது என்று ஆய்வாளர் பேட்ரிக் காரிகனும் சகாக்களும் 14 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் எழுதினார்கள். வயதுவந்தவர்களிடம் பாடத்தைவிட நேரடிச் சந்திப்பு அதிகம் வேலைசெய்தது. மனநோயிலிருந்து மீண்டு வாழ்கிற ஒருவர் எதிரே உட்கார்ந்து பேசுவது, அவரிடம் கேள்வி கேட்பது, அவரோடு தேநீர் குடிப்பது. காணொளியில் பார்ப்பதைவிட நேரில் பார்த்தது கூடுதலாகப் பலித்தது. நம் கல்லூரிகளுக்கு இதைவிடச் செலவு குறைந்த யோசனையை யாரும் தர முடியாது. புறநோயாளிப் பிரிவுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை மருந்து வாங்க வரும் பள்ளி ஆசிரியரோ, தையல்காரரோ, ஆட்டோ ஓட்டுநரோ விரும்பிச் சம்மதித்தால் ஒரு மணிநேரம் வகுப்பில் வந்து உட்காரலாம். அன்று மட்டும் அவர் ஆசிரியர். அதற்குரிய மதிப்பூதியமும் அவருக்குத் தரப்பட வேண்டும். வார்டு காட்டும் மாயத்தோற்றத்துக்கு எதிரான மருந்து அந்த ஒரு மணிநேரம்.

இனி, வினாத்தாளின் அந்த ஒன்பதாவது கேள்விக்கு, வார்டில் கேட்கப்படாத கேள்விக்கு வருகிறேன். தற்கொலைக்கு முயன்று காப்பாற்றப்பட்டவர் அவசரப் பிரிவுக்கு வரும்போது ஹவுஸ் சர்ஜனுக்குக் கை நிறைய வேலை இருக்கும். உயிரைக் காக்க வேண்டும். விபத்துப் பதிவேட்டில் ஏ.ஆர். என்ட்ரி போட வேண்டும், காவல் நிலையத்துக்குத் தகவல் போக வேண்டும், உறவினர்களைச் சமாளிக்க வேண்டும். மூன்று நாட்களில் உடல் தேறிவிடும். இந்த மூன்று நாட்களில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து என்ன நடந்தது, இப்போதும் அந்த எண்ணம் இருக்கிறதா என்று யாராவது கேட்டிருப்பார்களா? மனநலப் பிரிவின் கருத்தைப் பெறாமலே வீட்டுக்குப் போகிறவர்களும் உண்டு. 2018 மே 29-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்று சொல்கிறது. குற்றவாளியாகப் பார்க்கும் பார்வையைச் சட்டம் கைவிட்டுவிட்டது. வார்டின் வாய்மொழி இன்னும் கைவிடவில்லை.

கேட்காததற்கு மாணவர்கள் சொல்லும் காரணத்தில் ஒரு நல்லெண்ணம் இருக்கிறது. கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தை நேரடியாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தின் உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களை ஆய்வாளர் மேடலின் கூல்டின் குழு இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதியினரிடம் தற்கொலை எண்ணம் பற்றிய கேள்விகளைக் கேட்டது, மறுபாதியினரிடம் கேட்கவில்லை. 2005-இல் வெளியான முடிவின்படி, கேட்கப்பட்டவர்களிடம் கலக்கமும் கூடவில்லை, அந்த எண்ணமும் கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்த பிள்ளைகளுக்கு, கேட்டதால் கலக்கம் சற்றுக் குறைந்ததற்கான அறிகுறியே தெரிந்தது.

எப்படிக் கேட்பது என்பதைப் புத்தகத்து வார்த்தையில் சொல்லிக்கொடுத்துப் பயனில்லை. நம் வீடுகளில் "கடவுள் என்னை எடுத்துக்கிட்டா தேவல" என்று வயதானவர்கள் பேச்சுவாக்கில் சொல்வது வழக்கம். அதனாலேயே வார்டில் ஒரு பாட்டி அப்படிச் சொன்னால் செவிலிய மாணவி சிரித்து, "அப்படியெல்லாம் சொல்லாதீங்க பாட்டி" என்று போர்வையைச் சரிசெய்துவிட்டு நகர்ந்துவிடுகிறாள். அவள் அன்பில் குறையில்லை. அடுத்த கேள்விதான் அவளுக்குக் கற்றுத்தரப்படவில்லை. "ஏன் பாட்டி அப்படித் தோணுது? ரொம்ப நாளா இருக்கா? நீங்களே உயிரை விட்டுடணும்னு எப்பவாவது நினைச்சீங்களா?" மூன்று வாக்கியங்கள். இரவுப் பணியில் இருக்கும் மாணவியிடம்தான் இந்தப் பதில்கள் வெளிவரும். காலையில் ரவுண்ட்ஸ் வரும் பெரிய டாக்டரிடம் வராது. மருத்துவமனையில் நோயாளியோடு அதிக நேரம் இருப்பவர்கள் செவிலியர்கள். மனநல எழுத்தறிவுக்கான செலவில் முதல் பங்கு அவர்கள் படிப்புக்குத்தான் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆந்தனி ஜோர்மும் அவருடைய மனைவி பெட்டி கிச்சனரும் 2000-இல் கான்பெராவில் தொடங்கிய மனநல முதலுதவிப் பயிற்சி இந்த அடுத்த கேள்வியைத்தான் மையமாக வைத்தது. மாரடைப்புக்கு மார்பை அழுத்தக் கற்றுத்தருவதுபோல, தற்கொலை எண்ணத்தைப் பற்றி வாய்விட்டுக் கேட்கவும், குறுக்கிடாமல் கேட்டுக்கொள்ளவும், உதவியிடம் கொண்டுபோய்ச் சேர்க்கவும் பயிற்சி. படித்தால் மட்டும் வராது; ஒருவரை ஒருவர் நோயாளியாக நடிக்கவைத்துச் சொல்லிப் பார்க்க வேண்டும். முதல் முறை நாக்கு எழாது. ஐந்தாவது முறை எழும்.

மாணவர் தன்னிடமே இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் கடினம். மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களிடம் நடந்த ஆய்வு 2010-இல் வெளியானது. எனக்கு மனச்சோர்வு என்று தெரிந்தால் சக மாணவர்கள் என் கருத்தைக் குறைவாக மதிப்பார்கள் என்று சோர்வு மிகுந்திருந்தவர்களில் 56 சதவீதம் பேர் சொன்னார்கள். சோர்வு இல்லாதவர்களில் அப்படி நினைத்தவர்கள் 23.7 சதவீதம். பொறுப்புகளைச் சுமக்க முடியாதவர் என்று ஆசிரியர்கள் நினைப்பார்கள் என்ற பயம், சோர்வில் இருந்தவர்களில் 83.1 சதவீதம் பேருக்கு இருந்தது. நோயே இந்தப் பயத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறது என்று ஒரு பகுதியை விளக்கலாம். மறுபகுதி, அவர்கள் தங்கள் சூழலைச் சரியாகவே கணித்திருந்தார்கள் என்பது. கோவிட் அலையின்போது, 2020 ஏப்ரலில், நியூயார்க்கின் அவசரப் பிரிவு மருத்துவர் லோர்னா பிரீன் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். சிகிச்சை எடுத்தது தெரிந்தால் உரிமம் போய்விடுமோ என்று அவர் அஞ்சியதை அவருடைய குடும்பத்தார் வெளிப்படையாகச் சொன்னார்கள். உரிம விண்ணப்பங்களில் மனநலச் சிகிச்சை வரலாற்றைக் கேட்கும் வழக்கம் அங்கே பல மாநிலங்களில் இருந்தது. 2022 மார்ச்சில் அவர் பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. மருத்துவப் பணியாளர்களின் மனநலத்துக்கு நிதி ஒதுக்க அது வழிசெய்தது.

இந்தியாவில் தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024-இல் தன் அறிக்கையைத் தந்தது. இணைய வழியில் தாமாக முன்வந்து பதில் சொன்ன இளநிலை மாணவர்கள் 25,590 பேர். அவர்களில் 27.8 சதவீதம் பேர் தங்களுக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகச் சொன்னார்கள். தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னவர்கள் 16.2 சதவீதம், முதுநிலை மாணவர்களில் ஏறத்தாழ 31 சதவீதம். தாமாகப் பதில் தந்தவர்களின் கணக்கை எல்லா மாணவர்களுக்கும் அப்படியே பொருத்தக் கூடாது. ஆனால் பணிக்குழு தந்த பரிந்துரைகளைப் பாருங்கள்: வாரத்துக்கு 74 மணிநேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வாரம் ஒரு நாள் ஓய்வு வேண்டும், நாளுக்கு ஏழெட்டு மணிநேரத் தூக்கம் வேண்டும். தூங்க விடுங்கள் என்பதை ஒரு தேசியக் குழு எழுதித்தர வேண்டியிருக்கிறது. தூக்கமே இல்லாத ஒருவருக்கு மனநல எழுத்தறிவு வகுப்பு எடுப்பது, அவர் சுமைக்கு மேல் இன்னொரு சுமையாகத்தான் முடியும்.

தமிழ்நாட்டில் 2022 டிசம்பரில் அரசு மருத்துவக் கல்லூரிகளில் 'மனம்' என்ற பெயரில் மனநல நல்லாதரவு மன்றங்கள் தொடங்கப்பட்டன. நல்ல தொடக்கம் என்று நான் மனதார நினைக்கிறேன். அது வேரூன்றுவதற்குச் சில சிறிய, சலிப்பூட்டும் ஏற்பாடுகள் தேவை. இப்போது ஒரு மாணவி தன் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனால் என்ன நடக்கும்? ஓ.பி. சீட்டில் அவள் பெயர் இருக்கும். வரிசையில் நிற்கும்போது ஜூனியர்கள் கடந்துபோவார்கள். உள்ளே உட்கார்ந்திருக்கும் பி.ஜி. விடுதியில் அவளுக்குத் தெரிந்த அக்கா. பேராசிரியர் நாளை அவளுக்கு வைவா எடுப்பவர். சிகிச்சை விவரங்களை மறைவாக வைத்துக்கொள்ளும் உரிமையை அதே மனநலப் பராமரிப்புச் சட்டம் எல்லோருக்கும் தந்திருக்கிறது. அந்த உரிமை இந்த வரிசையில் நிற்கும்போது காணாமல் போகிறது. வளாகத்துக்கு வெளியே, தேர்வு எடுக்காத ஒருவரிடம், வகுப்பு இல்லாத நேரத்தில் மாணவர்கள் போய்வர ஏற்பாடு இருந்தால், நூறு விழிப்புணர்வுச் சுவரொட்டிகள் செய்யாததை அது செய்யும். அதுவரை 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் 24 மணிநேரமும் இருக்கிறது. 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய இந்த இலவசச் சேவையில் தமிழிலேயே பேசலாம். கல்லூரி அடையாள அட்டையை யாரும் கேட்க மாட்டார்கள்.

இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட நிறைவாக இல்லை, 0.75 என்பது வெளியாகியுள்ள கணக்கு. நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனச்சோர்வு உள்ளவர்களில் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை என்று கண்டது. இந்தப் பள்ளத்தை மனநல மருத்துவர்கள் மட்டும் சேர்ந்து நிரப்ப முடியாது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகப்போகும் எம்.பி.பி.எஸ். மருத்துவர், கிராம சுகாதார செவிலியர், மருந்துக்கடையில் நிற்கும் மருந்தாளுநர் ஆகியோர்தான் முதலில் காணப்போகிறவர்கள். மனச்சோர்வு மருந்து பலன் தர இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும், அதற்குள் வேலைசெய்யவில்லை என்று விட்டுவிடக் கூடாது, இது போதை மருந்தில்லை, ஆனால் நிறுத்தும்போது மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்பதை மாத்திரை அட்டையைக் கையில் கொடுக்கும்போதே சொல்ல அந்த மருந்தாளுநருக்கு ஒரு நிமிடம் போதும்.

எம்.பி.பி.எஸ். படிப்பில் மனநல மருத்துவத்துக்குத் தனித்தேர்வு இல்லை. பொது மருத்துவத் தாளுக்குள் ஒரு சிறு பகுதியாக அது ஒடுங்கிக் கிடக்கிறது. அதைத் தொடாமலே ஒருவர் தேறிவிட முடியும். தேர்வில் வராததை மாணவர்கள் படிப்பதில்லை என்பது எல்லா ஆசிரியருக்கும் தெரிந்ததே. ஆகவே நான் கேட்பது, இறுதியாண்டுச் செய்முறைத் தேர்வில் ஒரு மேசை. நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்ற ஒருவர் அங்கே உட்கார்ந்திருப்பார். தலைவலி, தூக்கமில்லை என்பார். மனதைப் பற்றி ஒரு வார்த்தையும் தாமாகச் சொல்லமாட்டார். மாணவருக்கு எட்டு நிமிடம். மருந்துப் பெயருக்கு அங்கே மதிப்பெண் கிடையாது. நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்ததற்கு ஒன்று, வீட்டில் எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு ஒன்று, பதிலை முழுதாகக் கேட்டதற்கு இரண்டு, உயிரை விடும் எண்ணம் உண்டா என்று வாய்விட்டுக் கேட்டதற்கு ஆறு. அதைக் கேட்காதவர் அந்த மேசையில் தேறக் கூடாது.